எஃப்.பி.எஸ். கேம்களில் கதையும் உணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர், சுருக்கமாக எஃப்.பி.எஸ்., என்றால் பாத்திரத்தின் கண் வழியாகவே உலகத்தைப் பார்த்து ஆடும் துப்பாக்கி கேம். திரையில் இரண்டு கைகள் தெரியும், ஒரு துப்பாக்கி தெரியும், அவ்வளவுதான் நாம். இந்த வகை கேம்களைக் கதைக்காகவே ஆடுகிறேன் என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. அப்போது கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஹாஃப் லைஃப், பயோஷாக், கால் ஆஃப் டியூட்டி 4, ஹேலோ ரீச், டைட்டன்ஃபால் 2, தி டார்க்னஸ் ஆகியவற்றின் முக்கியத் திருப்பங்களை உடைத்தே சொல்லியிருக்கிறேன். ஆட நினைத்திருப்பவர்கள் அந்தப் பெயர் வரும் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சுடுவதுதானே வேலை, இதில் கதைக்கு எங்கே இடம்?

தொடக்கத்தில் பெரிதாக இடம் இருக்கவில்லைதான். 1993இல் டூம் வந்தபோது கதை என்பது கையேட்டில் கொஞ்சம், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் திரையில் வரும் சில வரிகள். வேகமும் பயமுமே போதுமானதாக இருந்தன. அடுத்த வருடமே இரண்டு கேம்கள் வேறு வழி தேடின. மாரத்தானில் சுவரில் இருக்கும் கணினித் திரைகளில் கதையைப் படித்துக்கொண்டே போக வேண்டும். சிஸ்டம் ஷாக்கில் நீங்கள் கண் விழிக்கும்போது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் செத்துக் கிடப்பார்கள். அவர்கள் விட்டுப்போன பதிவுகளைப் பொறுக்கி எடுத்து, என்ன நடந்தது என்று நீங்களே கோர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் கதை இருந்தது, ஆனால் கதைக்காகக் கையை நிறுத்த வேண்டியிருந்தது. படிக்கும்போது சுட முடியாது, சுடும்போது படிக்க முடியாது. அந்தச் சுவரை உடைத்தது வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வந்த ஹாஃப் லைஃப்.

ஹாஃப் லைஃப் அப்படி என்ன செய்தது?

கேமராவை ஹீரோவின் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கட்சீன், அதாவது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படம் போல ஓடும் காட்சி, கிடையாது. கேம் தொடங்கும்போது கார்டன் ஃப்ரீமேன் என்ற விஞ்ஞானியாக ஒரு தொங்கு ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறீர்கள். கையில் ஒன்றும் இல்லை. பிளாக் மெசா ஆய்வகத்தின் குடலுக்குள் ரயில் மெதுவாக இறங்குகிறது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் அன்றைய அறிவிப்புகளைச் சொல்லிக்கொண்டே வருகிறது. வெளியே ஒரு காவலாளி பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். சில நிமிடங்களுக்கு நீங்கள் செய்யக்கூடியதெல்லாம் பெட்டிக்குள் நடப்பதும் எட்டிப் பார்ப்பதும்தான்.

பலரும் ரயில் காட்சியைப் பாராட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு சோதனை அறைக்குள் போகிறோம். ஒரு தள்ளுவண்டியில் ஆய்வுக்கான படிகம் ஒன்று வருகிறது. அதைக் கதிருக்குள் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளுவது யார்? நீங்கள். அந்த நொடியில்தான் வேறு உலகத்துக்கான கதவு திறந்து எல்லாம் நாசமாகிறது. அந்தப் பேரழிவை ஒரு வீடியோவாகக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் உங்கள் விரலிலேயே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வழியில் பார்க்கும் ஒவ்வொரு பிணத்திலும் அந்தத் தள்ளுவண்டியின் ஞாபகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வகை கேம்களில் கதை கண்ணில் இல்லை, கையில் இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அங்கேதான். கீழே இருக்கும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதையே சுற்றி வரும்.

முகமே தெரியாத ஆளோடு எப்படி ஒன்றிப்போக முடியும்?

முதுகுக்குப் பின்னால் கேமரா நிற்கும் கேம்களில் ஹீரோவின் முகம், நடை, சோர்வு எல்லாம் தெரியும். அவனுக்காக நாம் வருத்தப்படலாம். எஃப்.பி.எஸ்.ஸில் வருத்தப்பட எதிரில் ஆள் இல்லை. அதனால் நல்ல கேம்கள் உணர்ச்சியை உடம்பின் சின்னச் சின்ன வேலைகளுக்குள் வைக்கின்றன.

மெட்ரோ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்த மெட்ரோ 2033, அதற்குப் பின் லாஸ்ட் லைட், எக்ஸோடஸ். அணு ஆயுதப் போருக்குப் பிறகு மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் வாழ்கிறார்கள். மேலே போனால் காற்று விஷம். முகமூடியை மாட்ட ஒரு பட்டன், வடிகட்டியை மாற்ற ஒரு பட்டன். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கைக்கடிகாரம் காட்டும். கண்ணாடியில் விரிசல் விழும், மூச்சு இரைக்கத் தொடங்கும். லாஸ்ட் லைட்டில் ரத்தமும் சேறும் தெறித்தால் நீங்களே கையால் துடைக்க வேண்டும். அந்தத் துடைப்பில்தான் ஆர்ட்யோம் என்ற அந்தப் பையனை நான் முதலில் உணர்ந்தேன். அவன் என்ன நினைக்கிறான் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. நானும் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெட்ரோ 2033இல் போருக்கு முந்தைய தரமான தோட்டாக்கள்தான் பணம். ஆபத்து முற்றும்போது அவற்றையும் துப்பாக்கியில் போட்டுச் சுடலாம். சுடச் சுடக் காசு கரைகிறது. வறுமையைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமல் வறுமையை விரலுக்குப் புரியவைத்துவிடுகிறார்கள்.

2008இல் வந்த ஃபார் க்ரை 2வும் இதே வழிதான். வரைபடத்தைக் கையில் விரித்துப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே வண்டியும் ஓட்ட வேண்டும். சண்டை நடுவில் பழைய துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். மலேரியா காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தேடி ஓட வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சலால்தான் அந்த நிலம் உண்மையாகிறது.

ஹீரோ ஏன் பெரும்பாலும் ஊமையாகவே இருக்கிறான்?

அவன் பேசினால் நமக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழும் என்பது பழைய எண்ணம். ஃப்ரீமேன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஹாஃப் லைஃப் 2இல் அலிக்ஸ் என்ற பெண் அவனைச் சந்தித்ததும், அதிகம் பேசமாட்டீர்கள் போல என்று அதைக் கிண்டலே செய்கிறாள்.

என்னைக் கேட்டால், ஊமையாக இருப்பது கட்டாயமே இல்லை. உல்ஃபென்ஸ்டைன் தி நியூ ஆர்டரில் (2014) பிளாஸ்கோவிட்ஸ் சண்டைக்கு நடுவே தனக்குள் முணுமுணுக்கிறான். களைத்துப்போன ஒரு மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருக்கும் அந்தக் குரல், எதிரியை நாசம் செய்யும் கைகளுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. மெட்ரோவில் இரண்டுக்கும் நடுவான வழி: அடுத்த லெவல் லோட் ஆகும்போது ஆர்ட்யோம் தன் கதையைச் சொல்கிறான், ஆடும்போது வாயைத் திறப்பதில்லை.

எப்போது கெடுகிறது என்றால், உங்கள் கை ஒன்றைச் செய்து ஹீரோவின் வாய் வேறொன்றைச் சொல்லும்போது. நீங்கள் பயந்து மேசைக்கடியில் ஒளிந்திருக்கையில் அவன் நக்கலாக ஒரு வசனம் விட்டால் அங்கேயே நூல் அறுந்துவிடும்.

வசனமே இல்லாமல் ஓர் இடம் எப்படிக் கதை சொல்லும்?

ஹாஃப் லைஃப் 2 (2004) தொடக்கத்தில் சிட்டி 17 ரயில் நிலையம். முகமூடி போட்ட காவலன் ஒருவன் தரையில் ஒரு காலி கேனைத் தட்டிவிட்டு, அதைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான். போட்டால் சிரித்துவிட்டு வழிவிடுகிறான். அதை அவன் மேலேயே எறியலாம். அப்போது தடியை எடுத்துக்கொண்டு துரத்துகிறான். நான் முதல் தடவை எறிந்தேன். அடி வாங்கினேன். இரண்டாம் தடவை அடங்கிப் போய்ப் பொறுக்கிப் போட்டேன். அது அடியை விட அதிகமாக வலித்தது. பொருட்களை எடுக்கவும் எறியவும் ஆட்டக்காரருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. அந்த அரை நிமிடத்துக்குள் ஊர் யார் கையில் இருக்கிறது, அங்கே வாழ்வது எப்படி இருக்கும் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

பிரே (2017) வேறு மாதிரி. டாலோஸ் 1 என்ற விண்வெளி நிலையத்தில் கிடக்கும் ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. பாதுகாப்பு அறைக் கணினியில் பெயரைத் தேடி, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு போகலாம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பிணம்தான். கொஞ்ச நேரம் முன்பு அவர்களின் மின்னஞ்சலைப் படித்திருப்பீர்கள், அவர்கள் மேசையைத் துழாவியிருப்பீர்கள்.

ஆங்காங்கே ஒலிப்பதிவுகளை விட்டுவைக்கும் வழக்கத்தைப் பலர் குறை சொல்வார்கள். நாட்குறிப்பை யார் இப்படி ஊரெல்லாம் இறைத்து வைப்பார்கள் என்று கேட்பது நியாயம்தான். இருந்தாலும் நான் அதன் பக்கம். காது கதையைக் கேட்கும்போது கை அலமாரியைத் திறந்துகொண்டிருக்கிறது; சிஸ்டம் ஷாக் காலத்துப் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு.

பயோஷாக்கைப் பற்றி ஏன் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

2007இல் வந்த கேம். கடலுக்கடியில் ராப்சர் என்ற நகரம். அட்லஸ் என்ற ஒருவர் ரேடியோவில் வழிகாட்டுகிறார். ஒவ்வொரு வேலையையும் மரியாதையாகத்தான் கேட்கிறார்: கொஞ்சம் தயவு செய்து இதை எடு, கொஞ்சம் தயவு செய்து அங்கே போ. நாமும் செய்கிறோம். கேம் என்றால் அப்படித்தானே, சொன்னதைச் செய்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

பாதி தாண்டியதும் நகரத்தை நிறுவிய ஆண்ட்ரூ ரையனைச் சந்திக்கிறோம். அந்த மரியாதைச் சொல்தான் நம் பாத்திரத்தின் மூளையில் பதிக்கப்பட்ட கட்டளை என்பது அப்போது தெரிகிறது. அதைச் சொல்லிச் சொல்லி, தன்னையே கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்ல ரையன் நம்மை ஏவுகிறார். அதுவரை நம் வசம் இருந்த கைகள் அங்கே நம் பேச்சைக் கேட்பதில்லை. மவுஸை அசைத்தாலும் ஒன்றும் நடக்காது. மட்டை ஏறி ஏறி இறங்குகிறது.

திருப்பம் ஹீரோவுக்கு நடந்தது போலத் தெரிந்தாலும் உண்மையில் உட்கார்ந்து ஆடுகிறவருக்குத்தான் நடந்தது. அம்புக்குறி காட்டிய இடத்துக்கெல்லாம் கேள்வி கேட்காமல் போனது நாம்தானே. அந்தக் காட்சிக்குப் பிறகும் கேம் நமக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பதும், நாம் செய்துகொண்டே இருப்பதும் அதன் பலவீனம். கடைசிப் பகுதி அந்த உயரத்தை எட்டவில்லை.

கதையில் நல்லவன், ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பேரைக் கொல்கிறான். இது முரண் இல்லையா?

முரண்தான். இதற்கு ஒரு பெயரே உண்டு: லூடோநேரட்டிவ் டிசொனன்ஸ். ஆட்டம் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்வது. 2007இல் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், பயோஷாக்கைப் பற்றி எழுதிய விமர்சனத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அவரே அடுத்த வருடம் வந்த ஃபார் க்ரை 2இன் படைப்பாக்க இயக்குநர்.

இதைத் தாண்ட சில வழிகள் இருக்கின்றன. டூம் 2016 தன்னைப் பற்றி நேர்மையாக இருந்தது: தொடக்கத்திலேயே ஒருவர் திரையில் தோன்றி விளக்கம் கொடுக்க, ஹீரோ அந்தத் திரையைப் பிடித்துத் தள்ளிவிடுகிறான். அவனுக்கும் நமக்கும் ஒரே அவசரம், முரணே எழவில்லை. மெட்ரோ 2033 எதிர்த்திசையில் போனது. பிச்சை கேட்பவருக்குக் கொடுப்பது, நின்று மக்கள் பேசுவதைக் கேட்பது போன்றவற்றைச் சத்தமில்லாமல் கணக்கில் வைத்துக்கொண்டு, முடிவில் உங்களுக்கு ஒரு தேர்வு கிடைக்குமா கிடைக்காதா என்பதை அதை வைத்துத் தீர்மானிக்கிறது. கணக்கு நடப்பதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதனால் நல்லவனாக நடிக்க முடியாது.

நாம் ஆடும் பாத்திரமே செத்துப்போகும் காட்சிகள் ஏன் இவ்வளவு தாக்குகின்றன?

கேமில் சாவது சாதாரணம். செத்தால் முந்தைய இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம். அந்தப் பழக்கத்தை உடைத்தால்தான் சாவு சாவாகத் தெரியும்.

கால் ஆஃப் டியூட்டி 4 மாடர்ன் வார்ஃபேரில் (2007), ஜாக்சன் என்ற சிப்பாயாக ஆடுகிறோம். விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து ஒரு விமானியைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு பறக்கும்போது அணுகுண்டு வெடிக்கிறது. அடுத்த காட்சியில் நொறுங்கிய ஹெலிகாப்டருக்குள் கண் திறக்கிறோம். தவழ்ந்து வெளியே வரலாம். தடுமாறி எழுந்து சில அடி நடக்கலாம். எதிரே காளான் மேகம். ஏதாவது செய்தால் பிழைக்கலாம் என்று நான் எல்லாப் பக்கமும் நகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. விழுகிறோம், திரை வெளுக்கிறது. கட்டுப்பாட்டை நம்மிடமே விட்டுவிட்டு, அதற்கு எந்தப் பயனும் இல்லாமல் ஆக்கியதுதான் அந்தக் காட்சியின் கொடுமை.

ஹேலோ ரீச் (2010) இதையே வீரமாக மாற்றியது. கடைசியில் ஒரே ஓர் உத்தரவு: பிழைத்திரு. எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், ஜெயிக்க வழியே இல்லை. தலைக்கவசக் கண்ணாடியில் விரிசல் ஒன்று, அப்புறம் இன்னொன்று. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது என்பது மட்டும் உங்கள் கையில்.

பேட்டில்ஃபீல்ட் 1 (2016) முதல் உலகப் போரோடு தொடங்குகிறது. நீங்கள் சாகும்போது அந்தச் சிப்பாயின் பெயரும் பிறந்த, இறந்த வருடங்களும் திரையில் வருகின்றன. உடனே வேறொருவனின் கண்ணுக்குள் போய்விடுகிறீர்கள். அந்தச் சில நிமிடங்களை மட்டுமாவது எல்லோரும் ஆடிப் பார்க்க வேண்டும்.

‘நோ ரஷ்யன்’ சரியா, தவறா?

மாடர்ன் வார்ஃபேர் 2இல் (2009) வரும் மிஷன் அது. பயங்கரவாதக் கும்பலுக்குள் ஊடுருவிய உளவாளியாக, விமான நிலையத்தில் பொதுமக்கள் சுடப்படும்போது கூடவே நடக்கிறோம். வேண்டாம் என்றால் தாண்டிப் போகலாம் என்று கேம் முன்கூட்டியே கேட்கிறது. ஒரு தோட்டாகூடச் சுடாமல் நடந்தும் முடிக்கலாம். ரஷ்யப் பதிப்பில் மிஷனையே எடுத்துவிட்டார்கள்.

என் கருத்து: அதைத் தொடத் துணிந்ததில் தவறில்லை, தொட்ட பிறகு கைவிட்டதுதான் தவறு. தலைவனைச் சுட முயன்றால் மிஷன் தோல்வி என்கிறது. சுடாமல் நடந்தவனுக்கும் சுட்டவனுக்கும் கதையில் ஒரு வித்தியாசமும் இல்லை. இவ்வளவு கனமான ஒன்றை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால், அந்தக் கை என்ன செய்தது என்பதைக் கதை திரும்பிப் பார்க்க வேண்டாமா?

கூட வரும் பாத்திரங்கள் மேல் பாசம் வருவது எப்படி?

உதவுவதால் வருகிறது. டைட்டன்ஃபால் 2 (2016) இதற்கு என் முதல் பரிந்துரை. ஜாக் கூப்பர் என்ற சாதாரணச் சிப்பாய், செத்துக்கொண்டிருக்கும் தன் தலைவரிடமிருந்து பி.டி. என்ற ராட்சத ரோபோவைப் பெறுகிறான். பி.டி.க்குக் கிண்டல் புரியாது, சொன்னதைச் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளும். கடக்க முடியாத இடைவெளி வந்தால் நம்மைத் தூக்கி எறிந்து அக்கரை சேர்க்கும். என்னை நம்பு என்று சொல்லும். முதல் தடவை பயமாக இருக்கும். முடிவில் தன்னை ஓட்டுபவரைக் காப்பது என்ற தன் மூன்றாம் நெறிப்படி, நம்மை வெளியே எறிந்துவிட்டுத் தன்னை அழித்துக்கொள்கிறது. முதலில் கற்ற அதே எறிதல். அந்த உடம்பு ஞாபகம் இல்லையென்றால் அந்த முடிவுக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

போர்ட்டலில் (2007) பேசாத, அசையாத ஒரு பெட்டிமேல்கூடப் பாசம் வருகிறது. ஒரு முழு லெவல் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த பிறகு, அதை நெருப்பில் போடச் சொல்கிறார்கள்.

மல்டிபிளேயரில், அதாவது பலர் சேர்ந்து ஆடும் கேம்களில், கதை உண்டா?

கொஞ்சம் உண்டு. லெஃப்ட் 4 டெட்டில் (2008) பாதுகாப்பு அறைச் சுவர்களில் முன்பு தங்கிப்போனவர்கள் கிறுக்கியதைப் படித்துப் பாருங்கள். மற்றபடி அங்கே கதை என்பது கூட ஆடும் நண்பர்களோடு நடப்பதுதான். அது வேறு வகை.

தலையில் கருவியை மாட்டி ஆடும் விஆர் (மெய்நிகர் உலகம்) வந்ததும் என்ன மாறியது?

கை நிஜமாகவே கையானது. ஹாஃப் லைஃப் அலிக்ஸில் (2020) கண் தெரியாத, சத்தத்தைக் கேட்டுத் துரத்தும் ஒரு ஜந்து இருக்கும் கட்டடத்தில் மாட்டிக்கொள்கிறோம். காற்றில் இருக்கும் நுண்துகள்களால் அலிக்ஸுக்கு இருமல் வரும். அடக்க வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் கையைத் தூக்கி உங்கள் வாயைப் பொத்த வேண்டும். பட்டன் கிடையாது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் திறக்கும்போது, நடிப்புக்கும் பயத்துக்கும் இடையில் இருந்த கோடு காணாமல் போய்விடுகிறது.

எல்லோரும் புகழும் கேமை ஆடினேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஆடும் விதம்தான் காரணம். ஹெட்போன் போடுங்கள்; காலடிச் சத்தமும் மூச்சும் பாதி வேலையைச் செய்யும். கடினத்தைக் குறையுங்கள்; ஒரே இடத்தில் இருபது தடவை செத்தால் எந்தக் கதையும் ஆறிப்போகும். மெட்ரோ போன்ற கேமில் திரையில் இருக்கும் எண்களையும் குறிகளையும் அணைத்துவிடுங்கள். சண்டை முடிந்ததும் அடுத்த கதவுக்கு ஓடாமல் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தலை சுற்றினால் செட்டிங்ஸில் பார்வைக் கோணத்தைக் கூட்டி, கேமரா ஆட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். புதிதாக வருபவர் டைட்டன்ஃபால் 2இல் தொடங்கலாம், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும்: இவை பெரும்பாலும் வயது வந்தோருக்கான கேம்கள். பெட்டியில் இருக்கும் வயதுக் குறியீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

துப்பாக்கியே இல்லாமல் உங்களை அசைத்த காட்சி ஏதாவது உண்டா?

தி டார்க்னஸ், அதுவும் 2007தான். ஜாக்கி ஒரு கூலிக் கொலைகாரன். அவன் பிறந்தநாள் இரவு, காதலி ஜென்னியின் வீட்டுக்குப் போகிறான். சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு பட்டன். டிவியில் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. அவள் சாய்ந்துகொள்கிறாள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. எழுந்து போனால் அடுத்த மிஷன். போகாவிட்டால் படம் ஓடிக்கொண்டே இருக்கும். முழுப் படத்தையும் கேமுக்குள் வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் ஜென்னியை அவன் கண்ணெதிரே கொல்கிறார்கள். அவனுக்குள் இருக்கும் இருள் சக்தி அவனை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, நாமும் அவனோடு சேர்ந்து பார்க்கத்தான் முடியும். நான் முதல் தடவை ஆடியபோது அந்தச் சோபாவிலிருந்து சீக்கிரமே எழுந்துவிட்டேன், அடுத்த சண்டை எப்போது வரும் என்று. இரண்டாம் தடவை ஆடும்போது கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, படம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.